உறக்கமும் உடல்நலமும்

சென்ற ஆண்டுப் பரீட்சைக்குச் சின்னாள் முன்னர், எம் விடுதி மாணாக்கர் நாற்பதின்மர் ஒப்பமிட்டுக் காப்பாளர்க்கு ஒரு விண்ணப்பம் அளித்தனர். இரவு பதினொரு மணிக்குப் பூட்டப்படும் படிப்பறையைப் பரீட்சை முடியுமளவும் விடிய விடியத் திறந்து வைத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். அதனை எழுதியவர் யாமே. தமிழ் பயில்வோர் எழுதின் நடை உருக்கமாயிருக்கும் என்று கருதி எம்பால் அப்பணியைக் கொடுத்தனர். யாமும் அவர் கருத்துக்கு இழுக்கு வாராதபடி, உறக்கத்தை வாழ்நாளின் மூன்றிலொரு பங்கைக் கவரும் கள்வனென்றும் கல்விக்குப் பகையென்றும் பலபடப் புனைந்து எழுதினோம். காப்பாளர் இரங்கினார். படிப்பறை பன்னிரண்டு இரவுகள் திறந்திருந்தது.

அப்பன்னிரண்டு இரவுகளின் பயனை எம்மளவிற் கூறுவாம். இலக்கண வினாத்தாளிற் கண்படை நிலை என்னும் துறையை விளக்குமாறு கேட்டிருந்தனர். முந்திய இரவு மூன்று மணிக்கு அப்பகுதியை இருமுறை படித்திருந்தோம். ஆயினும் மண்டபத்தில் யாம் எழுதியது துயிலெடை நிலைக்கு உரிய விளக்கம். துயில்கொள்ளச் செய்வதைப்பற்றிக் கேட்டார்க்குத் துயிலெழுப்புவதை விடையாகத் தந்து வந்தோம் என்பதை, வெளியே நண்பரொருவர் நகைத்தபோதுதான் அறிந்தோம்.

இவ்வாண்டும் அவ்விண்ணப்பத்தையே சிறிது திருத்தி எழுதித் தருமாறு நண்பர் கேட்டனர். யாம் உடன்படவில்லை. ஒரு வினாவில் மதிப்பெண் இழந்தமை மட்டும் அதற்குக் காரணமன்று. கோடை விடுமுறையில் எம் இல்லத்திற் கண்ட ஒன்றும், அதன்பின் நூல்நிலையத்தில் இப்பொருள்பற்றித் தேடிப் படித்தனவும் எம் கருத்தை மாற்றின. படித்தவற்றை முன்னர்க் கூறி, இல்லத்திற் கண்டதைப் பின்னர்க் கூறுவாம்.

தவறவிட்ட துறையை இப்போதேனும் செவ்வனே சொல்லிவிடுதல் நன்று. அவையில் நெடும்பொழுது இருந்துவிட்ட அரசனை நோக்கி, இனித் துயில் கொள்க என்று நினைவூட்டும் கடமை மருத்துவர்க்கும் அமைச்சர்க்கும் உரியதென்பது தொல்காப்பியத்துக்கு நச்சினார்க்கினியர் வகுத்த உரையாற் பெறப்படும். அமைச்சர் அங்கிருத்தல் இயல்பே. மருத்துவரையும் உடன் நிறுத்திய உரையாசிரியரின் நுட்பத்தை, மதிப்பெண்ணுக்காகப் படித்த நாளில் யாம் கண்டோமில்லை. திருவள்ளுவர் துயிலைக் கெடுவாரின் மரக்கலங்களுள் ஒன்றாக வைத்தாரே என்று வினவுவார்க்கு, அக்குறள் மடியின்மை என்னும் அதிகாரத்தது என்பதை நினைவூட்டுவோம். ஆங்குக் கடியப்பட்டது சோம்பலின் வழித்தாய துயிலேயன்றி, உழைத்தவன் இரவிற் கொள்ளும் உறக்கமன்று.

எனினும், உறக்கத்தைச் செயலற்ற நிலையாக எண்ணும் வழக்கம் நம் மொழியிலேயே ஊறிக்கிடக்கின்றது. துஞ்சுதல் என்னும் சொல் உறங்குதலையும் குறிக்கும், இறத்தலையும் குறிக்கும். மேனாட்டு அறிஞரும் அண்மைக் காலம்வரை ஏறக்குறைய இவ்வாறே எண்ணினர். உறங்கும்போது மூளை அணைந்த விளக்கெனக் கிடக்கும் என்பது அவர் கொள்கை. ஜெர்மனி நாட்டு யேனா நகரத்து மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924 ஆம் ஆண்டில் மனிதர் மூளையினின்று எழும் மின்னலைகளை முதன்முதற் பதிவுசெய்து, 1929 இல் அதனை வெளியிட்டார். அக்கருவியை உறங்குவார் தலையிற் பொருத்திப் பார்த்தபோதுதான் விளக்கு அணையவில்லை என்பது தெரியவந்தது. 1953 ஆம் ஆண்டில் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் யூஜீன் அசரின்ஸ்கி என்னும் ஆராய்ச்சி மாணாக்கரும் அவர்தம் ஆசிரியர் நத்தானியேல் கிளைட்மனும், உறங்குவார் கண்கள் மூடிய இமைக்குள்ளே இடையிடையே விரைந்து அசைவதையும், அவ்வேளையில் எழுப்பப்பட்டோர் பெரும்பாலும் கனவு கண்டதாகக் கூறுவதையும் வெளியிட்டனர்.

இதனால் உறக்கம் ஒரு படித்தன்று என்பது விளங்கிற்று. அது ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை சுழன்று வருவது. ஒவ்வொரு சுழற்சியிலும் மென்மையான உறக்கம், ஆழ்ந்த உறக்கம், கண் விரைந்தசையும் கனவுறக்கம் என்னும் நிலைகள் வருகின்றன. இரவின் முற்பகுதியில் ஆழ்ந்த உறக்கம் மிகுதி. விடியலை நெருங்க நெருங்கக் கனவுறக்கம் மிகுதி. உடல் வளர்ச்சிக்கும் பழுது நீக்கத்துக்கும் வேண்டும் வளர்ச்சிச் சுரப்புநீர் பெரும்பாலும் ஆழ்ந்த உறக்கத்தின்போதே சுரக்கின்றது. இதயத்தின் வேகம் குறைகின்றது. குருதியழுத்தம் பகலினும் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ தாழ்கின்றது. இரவில் இரண்டு மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுவோன் எட்டு மணி உறக்கத்திற் பாதியைப் பெற்றதாகக் கணக்கிடுவான். உண்மையிற் கனவுறக்கத்திற் பாதிக்கும் மேலாக இழந்துவிடுகிறான்.

உறக்கம் வருவது எங்ஙனம்? இரண்டு ஆற்றல்கள் அதனை நடத்துகின்றன என்ப. முதலாவது, விழித்திருக்குந்தோறும் மூளையிற் சேர்ந்துகொண்டே வரும் அடினோசின் என்னும் பொருள். அது மிக மிகக் கண் சுழலும். உறங்க உறங்க அது கரையும். தேநீரிலும் காப்பியிலும் உள்ள காபீன் அப்பொருளைக் குறைப்பதன்று. அது சென்று அமரவேண்டிய இடங்களில் தான் முந்தி அமர்ந்து அதனை மறைப்பது. கடன்காரர் வாயிலில் நிற்க, கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளே மகிழ்ந்திருத்தலை ஒக்கும் அது. உட்கொண்ட காபீனிற் பாதி நீங்கவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் செல்லும். இரவு பத்து மணிக்கு விடுதி வாயிலிற் குடிக்கும் தேநீரின் பாதி, மூன்று மணிக்கும் நம் குருதியில் உலவுகின்றது.

இரண்டாவது, உடம்பின் உள்ளே உள்ள கடிகாரம். கண்ணின் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறக்குறைய 20,000 நரம்பணுக்களால் ஆகிய சிறு தொகுதியொன்று பகலிரவை அளந்து உடல் முழுமைக்கும் அறிவிக்கின்றது. இருள் படர மெலட்டோனின் என்னும் சுரப்புநீர் ஊறத் தொடங்குவதும், ஒளி பட்டவுடன் அது நின்றுவிடுவதும் அக்கடிகாரத்தின் ஆணையே. உயிரணுக்களுக்குள் இக்கடிகாரம் இயங்கும் முறையைப் பழ ஈக்களில் ஆராய்ந்து கண்ட ஹால், ராஸ்பாஷ், யங் என்னும் மூவர்க்கு 2017 ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இக்கடிகாரத்தை நம் விருப்பப்படி திருப்பலாகுமோ என்று முன்னரே சோதித்தவர் மேலே கூறிய கிளைட்மன். 1938 ஆம் ஆண்டில் அவரும் அவர்தம் மாணாக்கர் ரிச்சர்ட்சனும் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துள்ள மாமத் குகையினுள் இறங்கி, 32 நாட்கள் ஞாயிற்றின் ஒளி காணாது உறைந்தனர். நாளொன்றுக்கு 28 மணி எனக் கொண்டு, அதற்கேற்ப உண்டும் உழைத்தும் உறங்கியும் பழகல் இயலுமா என்று காண்பதே நோக்கம். மாணாக்கர் ஒருவாறு பழகினார். நாற்பது வயதைக் கடந்த ஆசிரியரின் உடம்போ, குகைக்குள்ளேயும் 24 மணிக்கொருமுறை வெப்பம் ஏறி இறங்கும் பழைய ஒழுங்கை விட்டுக்கொடுக்கவில்லை. ஆசிரியரினும் மாணாக்கர் வென்ற பரீட்சை இஃதொன்று உண்டென எண்ணி யாம் சிறிது மகிழ்ந்தோம். நம்மனோர்க்குச் சாதகமான செய்தி இன்னும் ஒன்றுண்டு. இருபது வயதையொட்டிய பருவத்தார்க்கு இக்கடிகாரம் இயல்பாகவே பிந்தி ஓடுகின்றதாம். ஆகலின் இரவிற் பிந்திக் கண்ணயர்வதும் காலையில் எழ வருந்துவதும் முழுதும் சோம்பலென்று பெரியோர் சினத்தல் வேண்டா. ஆயினும் காலை முதல் மணிக்கு வகுப்பு உள்ளவரை, பிந்திப் படுப்பதன் இழப்பு நமக்கே.

இனி, நண்பர் பலரும் கூறும் மறுப்பு ஒன்றுண்டு: “எமக்கு ஐந்து மணி உறக்கம் போதும், பழகிவிட்டது.” யாமும் இதனையே கூறிவந்தோம். 2003 ஆம் ஆண்டில் வெளிவந்த பென்சில்வேனியாப் பல்கலைக்கழக ஆய்வொன்று எம்மை இதில் வாயடைத்தது. உடல்நலமுடைய 48 பேரைத் தேர்ந்து, அவருட் சிலரை இரவுதோறும் எட்டு மணியும், சிலரை ஆறு மணியும், சிலரை நான்கு மணியும் என 14 நாட்கள் உறங்கச் செய்தனர். எஞ்சிய சிலரை மூன்று நாட்கள் உறங்கவிடாது விழிக்கவைத்தனர். கவனத்தையும் நினைவையும் அளக்கும் சோதனைகளில், எட்டு மணி உறங்கினார் பெரிதும் குன்றவில்லை. நான்கு மணியினரும் ஆறு மணியினரும் நாளுக்கு நாள் குன்றிக்கொண்டே வந்து, இறுதியில் ஓரிரு இரவு முற்றும் உறங்காதார் நிலையை எய்தினர். இதனினும் எம்மைக் கலங்கவைத்தது மற்றொன்று. உமக்கு உறக்கக் கலக்கம் எவ்வளவு என்று அவர்களையே கேட்டபோது, முதற் சில நாட்களுக்குப் பின் அது பெரிதும் மிகவில்லை என்றே கூறினர். திறன் சரிந்துகொண்டிருக்க, சரிவதை உணரும் உணர்வும் உடன் மழுங்கிவிட்டது. பழகிவிட்டது என்று நாம் சொல்வது இதனைத்தான். மதுவுண்டவனைத் தன் நடை நேராயிருக்கின்றதா என்று கேட்டு விடை பெறுதல் போலும் அது!

பரீட்சைக்குப் படிப்பார் முதற்கண் அறியவேண்டுவது 1924 ஆம் ஆண்டின் ஆய்வொன்று. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்னும் இருவர், மாணாக்கர் இருவரைப் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்வித்தனர். சில முறை மனப்பாடம் முடிந்தவுடன் உறங்கவிட்டும், சில முறை வழக்கம்போல் விழித்து உலவவிட்டும், ஒன்று முதல் எட்டு மணி நேரத்துக்குப் பின்னர் அவற்றை ஒப்பிக்கச் செய்தனர். எட்டு மணி உறங்கி எழுந்தபின் பத்தில் ஏறத்தாழப் பாதி நினைவில் நின்றது. எட்டு மணி விழித்திருந்தபின் பத்தில் ஒன்றளவே நின்றது. இருவரை மட்டும் வைத்துச் செய்த சிறு சோதனையாயினும், பிற்காலத்து ஆய்வுகள் பலவும் அதனை வலியுறுத்தியுள்ளன. பகலிற் கற்றதை மூளை உறக்கத்தின்போது மீளவும் ஓட்டிப் பார்த்து நிலைபெறச் செய்கின்றது என்பது இக்காலத்து அறிஞர் துணிபு. எனவே உறக்கத்தை விட்டுப் படிப்பவன், விதைத்த நிலத்துக்கு நீர் விடாமல் மேலும் மேலும் விதைத்துக்கொண்டே போகின்றான். மூன்று மணிக்குப் படித்த கண்படை நிலை எம்மைவிட்டுப் போனதற்கு இதனினும் வேறு காரணம் தேடவேண்டுவதில்லை.

மதிப்பெண் போயின் அடுத்த ஆண்டு வரும். உடல்நலம் அத்தன்மைத்தன்று. 1999 ஆம் ஆண்டிற் சிக்காகோவில் நோயற்ற இளைஞர் பதினொருவரை ஆறு இரவுகள் நான்கு மணியே உறங்கச் செய்து ஆராய்ந்தனர். அவர் அனைவரும் நம்மை ஒத்த பருவத்தினர். ஆறாம் நாளில் அவர் உடம்பு குருதியிலுள்ள சர்க்கரையை அகற்றும் திறன் பெரிதும் குன்றி, நீரிழிவின் தொடக்க நிலையை ஒத்திருந்தது; மிகுதியாக உறங்கவிட்ட பின்னரே பழைய நிலை மீண்டது. ஆறு நாளுக்கே இஃதாயின், ஆண்டுக்கணக்கில் இவ்வாறு வாழ்வார் நிலை என்னாகும்? நம் நாட்டில் நீரிழிவுடையோர் தொகை 10 கோடியைக் கடந்தது என்று, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023 இல் வெளிவந்த நாடளாவிய ஆய்வு கூறுகின்றது. உணவும் உடலுழைப்பின்மையும் மரபும் அதற்குப் பெருங்காரணங்கள் என்பதில் ஐயமில்லை. உறக்கக் குறையும் அவற்றோடு சேர்ந்து நிற்பதென மருத்துவர் இக்காலத்துக் கூறுகின்றனர். இரவில் தாழவேண்டிய குருதியழுத்தம் போதிய நேரம் தாழாதொழியின், இதயமும் குருதிக் குழாய்களும் ஓய்வின்றி உழைக்க நேர்கின்றது. அமெரிக்க இதய நலச் சங்கம் 2022 ஆம் ஆண்டில், இதய நலத்துக்கு இன்றியமையாதன என்று தான் வகுத்த எட்டனுள் உறக்கத்தையும் புதிதாகச் சேர்த்தது.

தடுமன் முதலிய சிறு நோய்களுக்கும் இது பொருந்தும். 164 பேரின் மூக்கிலே தடுமன் கிருமியைத் துளியாக விட்டுப் பார்த்த ஆய்வொன்று 2015 இல் வெளிவந்தது. ஆறு மணிக்குக் குறைவாக உறங்கி வந்தோர், ஏழு மணிக்கு மேல் உறங்கினாரை நோக்க, நான்கு மடங்குக்கு மேலாக நோய்வாய்ப்பட்டனர். பரீட்சை வாரத்தில் விடுதி முழுதும் இருமல் கேட்பதற்குப் பனிக்காற்றை மட்டும் குறைகூறுதல் நடுநிலையன்று.

முதுமையில் வரும் மறதி நோய்பற்றியும் ஒன்று கூறுவாம். இலண்டன் நகரத்து அரசாங்க அலுவலர் பல்லாயிரவரை 1985 முதல் தொடர்ந்து நோக்கிவரும் ஆய்வொன்று உண்டு. அவருள் ஏறத்தாழ 8,000 பேரைப்பற்றி 2021 இல் வெளிவந்த முடிபு இது: ஐம்பது வயது முதல் எழுபது வரை தொடர்ந்து ஆறு மணியோ அதற்குக் குறைவாகவோ உறங்கியவர்க்கு, ஏழு மணி உறங்கியவரினும் மறதி நோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு முப்பது மிகுதியாயிருந்தது. இவ்வகை ஆய்வுகள் இரண்டும் சேர்ந்து நிற்பதைக் காட்டுமேயன்றி, ஒன்றே மற்றொன்றன் காரணமென்று முற்ற நிறுவா என்பதையும் மறைக்காது கூறுதல் எம் கடன்.

வளர்ந்தோர்க்கு இரவுதோறும் ஏழு மணிக்குக் குறையாத உறக்கம் வேண்டுமென்று 2015 இல் அமெரிக்க உறக்க மருத்துவ வல்லுநர் வரையறுத்தனர். அதனைப் பெறும் வழிகள் யாவரும் அறிந்தனவே: ஒரே நேரத்திற் படுத்து எழுதல், பிற்பகலுக்குப்பின் தேநீர் ஒழித்தல், படுக்கையறையை இருளாக்குதல். கைப்பேசியைத் தலையணைக்கு அடியில் வையாமையும் அவற்றுள் ஒன்று. அதில் எம் அறையினர் மூவரும் இதுவரை தோற்றே வருகின்றோம்.

இனி, இல்லத்திற் கண்டது. எம் தமையனார் நூற்பாலையொன்றில் நான்காண்டுகளாக இரவு ஷிப்டில் வேலைபார்க்கின்றார். அதற்குக் கிடைக்கும் இரவுப்படியே எம் கல்லூரிக் கட்டணத்திற் பெரும்பகுதி. காலை ஏழரை மணிக்கு வந்து, உண்டு, ஒன்பது மணிக்குப் படுப்பார். சன்னலுக்கு அன்னையார் தம் பழைய கறுப்புச் சேலையை மடித்துக் கட்டியிருக்கின்றார். கீரை விற்பவள் தெருமுனையிற் குரலெடுக்கும் முன்னரே அன்னையார் ஓடிச்சென்று கையமர்த்துவார். குழாயில் நீர் வரும் நாளிற் குடங்களை ஓசைபடாமல் வைப்பார். இத்தனைக்கும் தமையனார் நண்பகல் ஒன்றரை மணிக்கு மேல் உறங்கி யாம் கண்டதில்லை. உள்ளிருக்கும் கடிகாரம் அவரை எழுப்பிவிடுகின்றது. கோடையில் அடிக்கடி தலை வலிக்கின்றதென்று மருத்துவரிடம் சென்றோம். குருதியழுத்தம் மிகுந்திருந்தது, தமையனார்க்கு வயது இருபத்தொன்பது. மருத்துவர் உப்பைப்பற்றிக் கேட்குமுன், நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் தூங்குகிறீர் என்றே கேட்டார். இரவு வேலைதான் காரணமென்று அவர் அறுதியிட்டுக் கூறவில்லை, யாமும் கூறோம். ஆயினும் இரவு வேலை இதய நோய்க்கும் நீரிழிவுக்கும் வழிவகுப்பதென்று ஆய்வுகள் பல காட்டுகின்றன. உலக நல நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகமும் அதனை 2007 இலும், மீண்டும் 2019 இலும், புற்றுநோய் விளைக்கக் கூடியவற்றின் வரிசையில் வைத்துள்ளது.

வீடு திரும்பும் வழியில், படிப்பறையைத் திறந்து வைக்க யாம் எழுதிய விண்ணப்பத்தைப்பற்றி அவரிடம் சொன்னோம். எம் எழுத்தாற்றலைப் பாராட்டுவார் என்றே எண்ணினோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், “நீயாவது இராத்திரி தூங்கு, தம்பி” என்றார்.

அன்றிரவே அவர் ஆலைக்குச் செல்லுமுன் ஒரு விண்ணப்பம் எழுதினோம். பகல் ஷிப்டுக்கு மாற்றித் தருமாறு கேட்பது அது. மருத்துவர் சான்றையும் உடன் இணைத்தோம். மாற்றம் கிடைப்பின் இரவுப்படி நின்றுவிடும். அக்குறையை ஈடுசெய்ய, மாலையிற் பள்ளிச் சிறுவர் சிலர்க்குத் தமிழ் கற்பிக்க யாம் ஏற்பாடு செய்துகொண்டுள்ளோம். இம்முறை உருக்கமான நடை ஒன்றும் எழுதினோமில்லை. அவர் உறங்கும் நேரத்தையும் குருதியழுத்த அளவையும் மட்டும் குறித்தோம். அவ்விண்ணப்பத்துக்கு இன்னும் விடை வரவில்லை.